ஆட்டோமேஷன் ப்ராஜெக்ட்ல பொதுவான கிளாஸை எல்லாம் எங்க வைக்கிறது?

மேனுவல் டெஸ்டிங்ல இருந்து ஆட்டோமேஷனுக்கு வர்றவங்களுக்கு லொக்கேட்டர் (பக்கத்துல ஒரு பட்டனையோ பெட்டியையோ கண்டுபிடிக்கிற முகவரி) எழுதறது, கிளிக் பண்றது, வெயிட் போடறது வரைக்கும் எங்க போனாலும் சொல்லிக் கொடுத்துடறாங்க. எழுதின கிளாஸை எந்தப் பேக்கேஜ்ல வைக்கணும், எதைப் பொதுவா ஆக்கணும், எதை அந்த ஒரு டெஸ்டோட விட்டுடணும்ங்கிறதுதான் பெரும்பாலும் விட்டுப்போகுது. அதனால என்ன ஆகுதுன்னா, எங்கேயோ பாத்த பேஸ், பேஜஸ், டெஸ்ட்ஸ், யூட்டில்ஸ்ங்கிற நாலு ஃபோல்டரை அப்படியே எடுத்து வச்சுக்கிறோம், டெஸ்ட் கொஞ்சமா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அது நூறைத் தாண்டும்போது லாகின் ஸ்கிரீன்ல ஒரு பட்டன் மாறினாக்கூட எங்கெங்கயோ தேடித் தேடி மாத்த வேண்டி வந்துடுது.

நான் இங்க ஜாவா, பிரௌசரை இயக்குற செலினியம், டெஸ்டை ஓட்டுற டெஸ்ட்என்ஜி, ப்ராஜெக்டைக் கட்டுற மேவன் இந்த நாலையும் வச்சே சொல்றேன், பைத்தான்ல பண்றவங்களுக்குப் பேரும் இலக்கணமும் மாறும், யோசனை பெருசா மாறாது. உதாரணத்துக்கு சாஸ்டெமோ சைட். சாஸ் லேப்ஸ் கம்பெனி ஆட்டோமேஷன் பழகறவங்களுக்காகவே வச்சிருக்கிற குட்டி கடை சைட் அது. உள்ள போனா ஆறு பொருள் இருக்கும், கார்ட்ல போடலாம், செக்அவுட் போனா பேரும் அஞ்சல் குறியீடும் கேக்கும், அப்புறம் ஆர்டர் முடிஞ்சதுன்னு ஒரு பக்கம் வரும். யூசர் பேரும் பாஸ்வேர்டும் லாகின் பக்கத்துலயே எழுதி இருக்கும், அதுல பூட்டப்பட்ட யூசர் ஒருத்தர், வேணும்னே மெதுவா லோட் ஆகுற யூசர் ஒருத்தர்னு விதவிதமா வச்சிருக்காங்க. பழகறதுக்கு ரொம்ப நல்ல சைட், இதுவரைக்கும் பாக்கலைன்னா பாருங்க.

யார் யாரை இம்போர்ட் பண்ணலாம்?

ஒரு கிளாஸை எங்க வைக்கிறதுன்னு குழப்பம் வரும்போதெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாப் போதும். ஃபோல்டர் பேர் அழகா இருக்கா, மத்த ப்ராஜெக்ட்ல எப்படி வச்சிருக்காங்கன்னு பாக்கிறதெல்லாம் அப்புறம். ஆட்டோமேஷன் ப்ராஜெக்ட்ல மூணு வகை கோட் இருக்கு. மேல டெஸ்ட் கிளாஸ், அதுதான் என்ன சரியா இருக்கணும்னு சொல்றது. நடுவுல பேஜ் கிளாஸ், அதுக்குத்தான் அந்தப் பக்கத்துல எந்த பட்டன் எங்க இருக்குன்னு தெரியும். அடியில டிரைவர் தொறக்கிறது, கான்ஃபிக் படிக்கிறது, வெயிட் பண்றது மாதிரியான கோட், அதுக்கு நம்ம சைட் எது, அதுல என்ன விக்கிறாங்கன்னே தெரிய வேண்டியதில்ல. மேல இருக்கிறது கீழ இருக்கிறதை இம்போர்ட் பண்ணலாம், கீழ இருக்கிறது மேல இருக்கிறதை எப்பவும் இம்போர்ட் பண்ணக்கூடாது. டெஸ்ட் கிளாஸ் லாகின்பேஜை இம்போர்ட் பண்ணலாம், ஆனா லாகின்பேஜ்ல இம்போர்ட் வரிகளைப் பாத்தா அதுல ஏதாவது டெஸ்ட் கிளாஸோட பேர் இருந்துச்சுன்னா அங்க ஏதோ இடம் மாறிப்போய் இருக்குன்னு அர்த்தம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, கீழ இருக்கிறது மேல இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டா எதையும் தனியா எடுக்க முடியாது. டிரைவர் தொறக்கிற கிளாஸ் உள்ள சாஸ்டெமோவோட லாகின்பேஜை இம்போர்ட் பண்ணி, பிரௌசர் தொறந்த கையோட லாகினும் பண்ணிடுதுன்னு வச்சுக்குங்க, முதல்ல ரொம்ப வசதியாத்தான் இருக்கும். அப்புறம் பூட்டப்பட்ட யூசர் லாகின் பண்ணினா எர்ரர் மெசேஜ் வருதான்னு ஒரு டெஸ்ட் எழுதணும், அதுக்கு லாகின் ஆகாத பிரௌசர் வேணும், இப்ப என்ன பண்றது? டிரைவர் கிளாஸ்ல ஒரு ட்ரூ ஃபால்ஸ் போடுவாங்க, லாகின் வேணுமா வேண்டாமான்னு. கொஞ்ச நாள்ல வேற யூசர் வேணும்னு இன்னொண்ணு சேரும். இப்படித்தான் ஒரு சின்ன கிளாஸ் யாரும் தொடவே பயப்படுற கிளாஸா மாறுது.

ஜாவாவுல பேக்கேஜ்ங்கிறது வெறும் ஃபோல்டர் மட்டும் இல்ல, யார் எதைப் பாக்கலாம்ங்கிற எல்லையும் அதுதான். ஒரு மெத்தடுக்கு முன்னாடி பப்ளிக், பிரைவேட்னு எதுவுமே போடலைன்னா அதே பேக்கேஜ்ல இருக்கிற கிளாஸ் மட்டும்தான் அதைக் கூப்பிட முடியும். இதுல புதுசா வர்றவங்க ஒண்ணைக் கவனிக்கணும், பேஜஸ்னு ஒரு பேக்கேஜும் அதுக்குள்ள பேஜஸ் புள்ளி செக்அவுட்னு ஒரு பேக்கேஜும் இருந்தா பாக்கிறதுக்கு அப்பா புள்ளை மாதிரி தெரியும், ஆனா ஜாவாவைப் பொறுத்தவரைக்கும் ரெண்டுக்கும் எந்த உறவும் கிடையாது, ரெண்டும் தனித்தனி பேக்கேஜ். உள்ள இருக்கிறதால சலுகை எதுவும் கிடைக்காது. அதனால தேவை இல்லாம உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ளன்னு பிரிச்சுக்கிட்டே போனீங்கன்னா எல்லாத்தையும் பப்ளிக் ஆக்க வேண்டி வரும், லொக்கேட்டர் கூட வெளிய தெரிய ஆரம்பிச்சுடும்.

மெயின் ஃபோல்டரா, டெஸ்ட் ஃபோல்டரா?

மேவன் ப்ராஜெக்ட் தொறந்தா எஸ்ஆர்சிக்குள்ள மெயின்னு ஒண்ணும் டெஸ்ட்னு ஒண்ணும் இருக்கும், ரெண்டுக்குள்ளயும் ஜாவான்னு ஒரு ஃபோல்டர். எல்லாமே டெஸ்ட் கோட் தானே, மெயின் எதுக்குன்னு பலர் அதைக் காலியா விட்டுடறாங்க, சில பேர் எல்லாத்தையும் மெயின்லயே கொட்டிடறாங்க. உங்க ஆட்டோமேஷன் தனி ரெப்போவுல இருந்தா மெயின் ஃபோல்டர் உங்களுக்கு ஒரு பெரிய உதவி பண்ணும். மேவன்ல டெஸ்ட் பக்கம் இருக்கிற கோடுக்கு மெயின் பக்கம் தெரியும், மெயின் பக்கம் இருக்கிற கோடுக்கு டெஸ்ட் பக்கம் தெரியவே தெரியாது. அப்போ பேஜ் கிளாஸும் டிரைவர் கிளாஸும் மெயின்ல வச்சு, டெஸ்ட் கிளாஸை டெஸ்ட்ல வச்சா, மேல சொன்ன இம்போர்ட் விதியை நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியதே இல்ல, யாராவது மீறினா கம்பைலே ஆகாது. ரிவ்யூல கண்ணு வச்சுத் தேட வேண்டிய ஒரு தப்பை கம்பைலரே புடிச்சுக் கொடுத்துடுது.

இன்னும் ஒரு படி மேல போகலாம். பாம் ஃபைல்ல (மேவனோட அமைப்பு ஃபைல்) செலினியம் டிபென்டென்சியை சாதாரணமா விட்டுட்டு டெஸ்ட்என்ஜிக்கு மட்டும் டெஸ்ட் ஸ்கோப் போட்டுடுங்க. இப்ப மெயின்ல இருக்கிற பேஜ் கிளாஸ்ல யாரும் டெஸ்ட்என்ஜியோட அஸர்ட் (சரியா தப்பான்னு சோதிக்கிற வரி) எழுதவே முடியாது, இம்போர்ட் ஆகாது. பேஜ் கிளாஸ்ல அஸர்ட் இருக்கக்கூடாதுன்னு செலினியத்தோட அதிகாரப்பூர்வ டாக்குமென்டேஷன்லயே சொல்லி இருக்காங்க, சரியான பக்கம்தான் லோட் ஆச்சான்னு பாக்கிற ஒரு சோதனைக்கு மட்டும்தான் விலக்கு. ஏன்னா கார்ட்பேஜ்ல மொத்தத் தொகை சரியான்னு அஸர்ட் போட்டுட்டா அந்தப் பேஜை வேற டெஸ்ட்ல, தொகை தப்பா இருக்கணும்னு எதிர்பாக்கிற டெஸ்ட்ல, பயன்படுத்த முடியாம போயிடும். பேஜ் தகவலை எடுத்துக் கொடுக்கணும், அது சரியா தப்பான்னு டெஸ்ட்தான் சொல்லணும்.

இதைப் பண்ணும்போது எல்லா டெஸ்ட் கிளாஸும் எக்ஸ்டென்ட் பண்ற பேஸ்டெஸ்ட் கிளாஸையும் மெயினுக்குக் கொண்டு போனீங்கன்னா ஆர்க் புள்ளி டெஸ்ட்என்ஜி பேக்கேஜே இல்லைன்னு எர்ரர் வரும். பேஸ்டெஸ்ட்ல பிஃபோர்மெத்தட் மாதிரி அனொட்டேஷன் இருக்கும், அது டெஸ்ட்என்ஜியோடது, டெஸ்ட் ஸ்கோப்ல இருக்கிறது மெயினுக்குக் கிடைக்காது. அந்த எர்ரரைப் பாத்துட்டு ஸ்கோப்பை எடுத்துடாதீங்க, பேஸ்டெஸ்ட் எடுத்து டெஸ்ட் பக்கம் வைங்க, அதோட இடம் அதுதான்.

உங்க டெஸ்ட் எல்லாம் டெவலப்பரோட அப்ளிகேஷன் ரெப்போவுக்குள்ளயே இருந்தா கதை வேற. அங்க மெயின்ல போடுற எதுவும் அப்ளிகேஷனோட சேந்து ப்ரொடக்‌ஷன் ஜாருக்குள்ள (கட்டி முடிச்ச ஜாவா ஃபைல்) போயிடும், லாகின்பேஜும் செலினியமும் கஸ்டமர் கிட்ட போகக்கூடாது இல்லையா. அங்க எல்லாமே டெஸ்ட் பக்கம்தான் இருக்கணும், இம்போர்ட் திசையை வேற வழியில காப்பாத்தணும். ஆர்க்யூனிட்னு ஒரு ஜாவா லைப்ரரி இருக்கு, பேஜஸ் பேக்கேஜ்ல இருக்கிற எந்த கிளாஸும் டெஸ்ட்ஸ் பேக்கேஜை நம்பி இருக்கக்கூடாதுன்னு அதுல ஒரு விதியை டெஸ்டாவே எழுதி வைக்கலாம், மீறினா அந்த டெஸ்ட் ஃபெயில் ஆகும்.

பேஸ்டெஸ்ட் ஏன் வீங்குது

பொதுவான கிளாஸ்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல எழுதறது பேஸ்டெஸ்ட். பிரௌசர் தொறக்கிறது, மூடறது, இந்த ரெண்டுக்கும் அது நல்ல இடம். இதுல புதுசா வர்றவங்க மாட்டிக்கிற ஒரு சங்கிலி இருக்கு, இதை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பிரௌசரை ஒரு தடவை தொறந்தாப் போதும்னு நெனச்சு பேஸ்டெஸ்ட்ல டிரைவரை ஒரு சாதாரண ஃபீல்டா வச்சு, பிஃபோர்சூட் அனொட்டேஷன் போட்ட மெத்தட்ல அதை உருவாக்குவாங்க. லாகின்டெஸ்ட் தனியா ஓடும், கார்ட்டெஸ்ட் தனியா ஓடும், ரெண்டையும் சேத்து ஓட்டினா ஒண்ணு பாஸ், இன்னொண்ணு நல்பாயின்டர் எக்ஸெப்ஷன். காரணம் என்னன்னா டெஸ்ட்என்ஜி ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸுக்கும் ஒரு தனி ஆப்ஜெக்ட் உருவாக்குது, ஆனா பிஃபோர்சூட்டை மொத்த சூட்டுக்கும் (சேத்து ஓட்டுற எல்லா டெஸ்டுக்கும்) ஒரே தடவைதான் ஓட்டும், பேஸ்டெஸ்டை எத்தனை கிளாஸ் எக்ஸ்டென்ட் பண்ணி இருந்தாலும் சரி. ஓடின அந்த ஒரு ஆப்ஜெக்ட்ல மட்டும்தான் டிரைவர் இருக்கும், மத்ததுல எல்லாம் நல். பிஃபோர்டெஸ்ட்லயும் இதே கதைதான், பேர் பாத்து ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னாடி ஓடும்னு நெனச்சுடாதீங்க, அது எக்ஸ்எம்எல் ஃபைல்ல இருக்கிற டெஸ்ட் டேகுக்கு ஒரு தடவை ஓடறது.

இதுக்கு நெட்ல தேடினா டிரைவரை ஸ்டாட்டிக் (எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான ஒரே ஃபீல்ட்) ஆக்குங்கன்னு பதில் வரும், ஆக்கினா எர்ரர் போயிடும், எல்லாம் பச்சையா ஓடும். அப்புறம் ஒருநாள் டெஸ்ட் ரொம்ப நேரம் எடுக்குதுன்னு பல டெஸ்ட் ஒரே நேரத்துல ஓடட்டும்னு பேரலல் ஆன் பண்ணுவாங்க, அப்ப ரெண்டு த்ரெட் ஒரே ஸ்டாட்டிக் டிரைவரைப் புடிச்சு இழுக்கும், லாகின் டெஸ்ட் டைப் பண்ற எழுத்து செக்அவுட் பக்கத்துல போய் விழும், ஒரு டெஸ்ட் முடிச்சு பிரௌசரை மூடினா இன்னொரு டெஸ்டோட செஷன் செத்துப்போகும். ஸ்டாட்டிக்கை எடுத்துட்டு சாதாரண ஃபீல்டாவே வச்சாலும் மெத்தட் அளவுல பேரலல் ஓட்டினா அதே பிரச்சினை வரும், ஏன்னா டெஸ்ட்என்ஜில ஒரு கிளாஸ்ல இருக்கிற எல்லா டெஸ்ட் மெத்தடும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் பகிர்ந்துக்குது. டெஸ்ட்என்ஜி மாதிரியே டெஸ்ட் ஓட்டுற ஜேயூனிட் அப்படி இல்ல, அது இயல்பாவே ஒவ்வொரு மெத்தடுக்கும் புது ஆப்ஜெக்ட் உருவாக்கும், அதனால ஜேயூனிட்ல பழகினவங்க டெஸ்ட்என்ஜிக்கு வரும்போது இந்த இடத்துல நிச்சயமா தடுமாறுவாங்க.

இதுக்கான வழி டிரைவர் விஷயத்தை பேஸ்டெஸ்ட்ல இருந்து பிரிச்சு டிரைவர்மேனேஜர்னு ஒரு கிளாஸ் எழுதி மெயின் பக்கம் வைக்கிறது. அதுக்குள்ள த்ரெட்லோக்கல் ஒண்ணு, ஒவ்வொரு த்ரெடுக்கும் அதோட சொந்த டிரைவர். தொறக்க ஒரு மெத்தட், எடுக்க ஒரு மெத்தட், மூட ஒரு மெத்தட், அவ்வளவுதான். மூடும்போது பிரௌசரை க்விட் பண்றதோட த்ரெட்லோக்கல்ல இருந்து ரிமூவும் பண்ணணும், த்ரெட் பூல்ல அதே த்ரெட் திரும்ப வேலைக்கு வரும்போது செத்துப்போன டிரைவர் கையில கிடைக்கக்கூடாது. பேஸ்டெஸ்ட் பிஃபோர்மெத்தட்ல தொறக்கச் சொல்லும், ஆஃப்டர்மெத்தட்ல மூடச் சொல்லும், வேற எதுவும் அதுக்கு வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறதை லிஸனர்ல (டெஸ்ட் ஃபெயில் ஆகும்போது டெஸ்ட்என்ஜியே கூப்பிடுற கிளாஸ்) வைங்க, எக்செல் படிக்கிறது, ரிப்போர்ட், டேட்டாபேஸ் இதெல்லாம் தேவைப்படுற டெஸ்ட் தானே கூப்பிட்டுக்கட்டும். ஜாவாவுல ஒரு கிளாஸ் ஒரே ஒரு கிளாஸைத்தான் எக்ஸ்டென்ட் பண்ண முடியும், அந்த ஒரே வாய்ப்பை பேஸ்டெஸ்டுக்குக் கொடுத்துட்டா அப்புறம் கைவசம் வேற இல்ல, அதனால அதுக்குள்ள என்ன இருக்குங்கிறதுல கஞ்சத்தனம் வேணும்.

இன்னொரு சின்ன விஷயம், பேஸ்டெஸ்ட்ல செட்அப்னு ஒரு மெத்தட் இருக்கும்போது உங்க டெஸ்ட் கிளாஸ்லயும் அதே செட்அப்ங்கிற பேர்ல மெத்தட் எழுதினீங்கன்னா அது பேஸ்டெஸ்டோடதை ஓவர்ரைடு பண்ணிடும், பிரௌசரே தொறக்காது. பேரை மாத்தி வச்சீங்கன்னா பேஸ்டெஸ்டோடது முதல்லயும் உங்களோடது அடுத்தும் ஓடும். பேஸ்டெஸ்டை ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸாவே எழுதிடுங்க, அதை யாரும் நேரடியா ஓட்ட வேண்டிய அவசியம் இல்ல.

பேஸ்பேஜும் ஹெடரும்

அடுத்தது பேஸ்பேஜ். ஒவ்வொரு பேஜ் கிளாஸுக்கும் டிரைவர் வேணும், வெயிட் வேணும், எலிமென்ட் தெரியுற வரைக்கும் காத்திருந்து கிளிக் பண்ற ஒரு மெத்தட், டைப் பண்ற ஒரு மெத்தட் வேணும், இதை எல்லாம் பேஸ்பேஜ்ல வைக்கிறது நியாயம்தான். வெயிட் ஒரே இடத்துல இருக்கிறதோட அருமை தெரியணும்னா சாஸ்டெமோவுல அந்த மெதுவான யூசரை வச்சு எல்லா டெஸ்டையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, த்ரெட் ஸ்லீப் போட்டு எழுதினது எல்லாம் எங்கெங்க இருக்குன்னு அதுவே காட்டிக் கொடுத்துடும். இம்ப்ளிசிட் வெயிட்டையும் (எல்லா எலிமென்டுக்கும் பொதுவான காத்திருப்பு) எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் (ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கான காத்திருப்பு) கலக்காதீங்கன்னும் செலினியம் டாக்குமென்டேஷன் சொல்லுது, எவ்வளவு நேரம் காத்திருக்கும்னே கணிக்க முடியாம போயிடும். வெயிட் ஒரே கிளாஸ்ல இருந்தா இந்தக் கலப்பு நடக்காம பாத்துக்கிறது சுலபம்.

தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, சாஸ்டெமோவுல லாகின் ஆனதுக்கு அப்புறம் எல்லாப் பக்கத்துலயும் மேல ஒரு ஹெடர் இருக்கும், அதுல கார்ட் ஐகானும் மூணு கோடு மெனுவும் இருக்கும், லாகவுட் அந்த மெனுவுக்குள்ளதான். எல்லாப் பக்கத்துலயும் இருக்குதேன்னு ஓப்பன்கார்ட், லாகவுட் மெத்தடை எல்லாம் பேஸ்பேஜ்ல எழுதிடறாங்க. ஆனா லாகின்பேஜும் பேஸ்பேஜைத்தானே எக்ஸ்டென்ட் பண்ணுது, இப்ப லாகின்பேஜ் புள்ளி லாகவுட்னு எழுதினா கம்பைல் ஆகும், ஓட்டும்போது எலிமென்ட் கிடைக்கலைன்னு விழும். இல்லாத ஒரு பட்டனை இருக்குன்னு அந்த கிளாஸ் சொல்லுது. அதுக்குப் பதிலா ஹெடர்னு ஒரு தனி கிளாஸ் எழுதி காம்போனென்ட்ஸ் பேக்கேஜ்ல வச்சு, ஹெடர் இருக்கிற பேஜ் மட்டும் அதைத் தனக்குள்ள ஒரு ஃபீல்டா வச்சுக்கட்டும். இன்வென்டரிபேஜ் புள்ளி ஹெடர் புள்ளி ஓப்பன்கார்ட். படிக்கிறதுக்கும் ஸ்கிரீன்ல இருக்கிற மாதிரியே இருக்கு. ஒரு விஷயம் பல இடத்துல பொதுவா இருக்குங்கிறதுக்காக அதை அப்பா கிளாஸ்ல போட வேண்டியதில்ல, ஃபீல்டா வச்சுக்கிறது எத்தனையோ தடவை அதைவிட நல்ல வழி.

பேஜ் கிளாஸுக்கு டிரைவரை கன்ஸ்ட்ரக்டர் வழியா கொடுங்க. பேஜுக்குள்ள இருந்து டிரைவர்மேனேஜரைக் கூப்பிட்டு எடுத்துக்கிறது எழுத வசதிதான், ஆனா டிரைவர் எப்படி வந்துச்சுங்கிறது பேஜுக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்ல, நாளைக்கு ரெண்டு பிரௌசர் தொறந்து வாங்குறவரும் அட்மினும் ஒரே டெஸ்ட்ல வேலை பண்ணணும்னு வந்தா கன்ஸ்ட்ரக்டர்தான் கைகொடுக்கும்.

பேஜ் எல்லாத்தையும் ஒரே பேக்கேஜ்ல வைக்கிறதா, லாகின், கார்ட், செக்அவுட்னு வசதி வாரியா பிரிக்கிறதான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். வசதி வாரியா பிரிச்சா ஒரு வேலையைத் தொடுற எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கும்ங்கிறது உண்மை. ஆனா பேஜ் கிளாஸ் ஒண்ணை ஒண்ணு ரிட்டர்ன் பண்ணும், லாகின் பண்ணினா இன்வென்டரிபேஜ் வரும், லாகவுட் பண்ணினா திரும்ப லாகின்பேஜ் வரும், அப்போ ரெண்டு பேக்கேஜும் ஒண்ணை ஒண்ணு இம்போர்ட் பண்ணிக்கும், வட்டம் விழும். ஒரே பேக்கேஜுக்குள்ள இது ஒரு பொருட்டே இல்ல. அதனால ஆரம்பத்துல பேஜ் எல்லாம் ஒரே பேக்கேஜ்ல இருக்கட்டும், டெஸ்ட் கிளாஸை மட்டும் வசதி வாரியா பிரிங்கன்னுதான் நான் சொல்வேன். டெஸ்ட் கிளாஸ் ஒண்ணை ஒண்ணு இம்போர்ட் பண்ணாது, பண்ணவும் கூடாது, அதனால அங்க பிரிக்கிறதுல எந்தச் சிக்கலும் வராது. பேஜ் நாப்பது ஐம்பதுன்னு போய் கண்ணு தேட ஆரம்பிக்கும்போது அதையும் பிரிச்சுக்கலாம்.

யூட்டில்ஸ்ங்கிற பரண்

யூட்டில்ஸ், கம்மன், ஹெல்பர் இந்த மூணு பேர்ல எந்தப் பேக்கேஜ் இருந்தாலும் அது கொஞ்ச நாள்ல வீட்டுப் பரண் மாதிரி ஆயிடும், எங்க வைக்கிறதுன்னு தெரியாதது எல்லாம் மேல ஏறும், எதுவும் கீழ இறங்காது. தேதியை மாத்துற மெத்தட், எக்செல் படிக்கிறது, ரேண்டம் மெயில் ஐடி உருவாக்குறது, கார்ட் மொத்தம் கணக்கு போடுறது எல்லாம் ஒரே யூட்டில் கிளாஸ்ல ஸ்டாட்டிக் மெத்தடா நிக்கும். இதுல கார்ட் மொத்தம் மட்டும் வேற சாதி, அதுக்கு சாஸ்டெமோ தெரியும், மத்ததுக்குத் தெரியாது. பேக்கேஜுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு யோசிக்கும்போது உள்ள இருக்கிறது என்ன பண்ணுதோ அதையே வைங்க: கான்ஃபிக், வெயிட்ஸ், டேட்டா, ரிப்போர்ட்டிங். பேர் குறிப்பா இருந்தா சம்பந்தமில்லாததை அதுக்குள்ள போட கை வராது, ரிவ்யூ பண்றவங்களுக்கும் இது ஏன் இங்கன்னு கேக்க முடியும். யூட்டில்ஸ்ங்கிற பேர்ல அந்தக் கேள்வியே எழாது.

எதைப் பொதுவா ஆக்கலாம்ங்கிறதுக்கும் ஒரு அளவு வச்சுக்குங்க. ஒரு டெஸ்ட்ல எழுதின ஒரு சின்ன வேலை இன்னொரு டெஸ்டுக்கும் தேவைப்பட்டா உடனே தூக்கிப் பொது இடத்துல வைக்க வேண்டாம், மூணாவது இடத்துலயும் வந்துச்சுன்னா எடுக்கலாம். அதுலயும் வரிகள் ஒரே மாதிரி இருக்குங்கிறது மட்டும் காரணம் ஆகாது, மாறினா எல்லா இடத்துலயும் சேந்தே மாறுமான்னு பாருங்க. செக்அவுட் டெஸ்ட்லயும் ப்ரொஃபைல் டெஸ்ட்லயும் பேர், அஞ்சல் குறியீடு நிரப்புறது ஒரே மாதிரி இருக்கலாம், நாளைக்கு செக்அவுட்ல மட்டும் ஃபோன் நம்பர் சேத்தா பொதுவான அந்த மெத்தடுக்கு ஒரு இஃப் போட வேண்டி வரும். லாகின் லொக்கேட்டர் மாதிரி விஷயம் அப்படி இல்ல, அது மாறினா எல்லாருக்கும் மாறும், அதை முதல் டெஸ்ட்லயே பேஜ் கிளாஸ்ல வச்சுடணும், மூணு வரைக்கும் எண்ண வேண்டியதில்ல.

சைட் யூஆர்எல், பிரௌசர் பேர் இதெல்லாம் டெஸ்ட் பக்கத்து ரிசோர்ஸஸ் ஃபோல்டர்ல ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல இருக்கட்டும், அதைப் படிக்கிற கிளாஸ் ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், கமாண்ட் லைன்ல வேற மதிப்பு கொடுத்தா அதை முதல்ல எடுத்துக்கிற மாதிரி எழுதிடுங்க. சாஸ்டெமோ பாஸ்வேர்ட் ஊரறிஞ்சது, அதைக் கோட்ல வைக்கலாம், உங்க கம்பெனி சைட்டோட பாஸ்வேர்டை மட்டும் கிட்ல ஏத்தாதீங்க, என்விரான்மென்ட் வேரியபிள்ல இருந்து படிங்க. ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து ரொம்பக் கவனம், உங்க விண்டோஸ் மெஷின்ல ரெண்டும் ஒண்ணுதான், டெஸ்டைத் தானா ஓட்டுற ஜென்கின்ஸ் இருக்கிற லினக்ஸ் மெஷின்ல ரெண்டும் வேற வேற ஃபைல், கோட்ல கேபிடல்ல எழுதி ஃபைல் ஸ்மால்ல இருந்தா இங்க ஓடும் அங்க ஓடாது.

இடம் மாத்தும்போது

ஏற்கனவே கலைஞ்சு கிடக்கிற ப்ராஜெக்ட் கையில இருந்தா எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஒரு பேக்கேஜ், ஒரு கமிட், நடுவுல டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டு அடுத்தது. ஃபைலை ஃபோல்டர்ல இழுத்துப் போடாம இன்டெல்லிஜே ஐடிஈல எஃப்6 அமுக்கி மூவ் பண்ணுங்க, இம்போர்ட் எல்லாம் தானா மாறும். மாத்தின கையோட டெஸ்ட்என்ஜி எக்ஸ்எம்எல் ஃபைலையும் தொறந்து பாத்துடுங்க, அங்க கிளாஸ் பேர் பேக்கேஜோட முழுசா எழுதி இருக்கும், பழைய பேரே நின்னா கிளாஸ் கிளாஸ்பாத்ல இல்லைன்னு எர்ரர் வரும். பேர் மாத்தும்போது இன்னொண்ணு, மேவன்ல டெஸ்ட் ஓட்டுற ஷ்யூர்ஃபயர் ப்ளகின் எல்லா கிளாஸையும் ஓட்டாது, நாம எதுவும் சொல்லலைன்னா டெஸ்ட்னு ஆரம்பிக்கிற பேர், இல்ல டெஸ்ட், டெஸ்ட்ஸ், டெஸ்ட்கேஸ்னு முடியுற பேர் மட்டும்தான் அதுக்குக் கணக்கு. லாகின்சினாரியோஸ்னு பேர் வச்சா ஐடிஈல ரைட் கிளிக் பண்ணினா ஓடும், மேவன் டெஸ்ட் கமாண்ட்ல சத்தமில்லாம விட்டுப்போகும், ரிப்போர்ட்ல ஃபெயில்னும் வராது, அதனால யாருக்கும் தெரியவே தெரியாது. கிளாஸ் பேர் மாத்தின ஒவ்வொரு தடவையும் மொத்தம் எத்தனை டெஸ்ட் ஓடுச்சுன்னு முன்னாடி பின்னாடி ஒப்பிட்டுப் பாருங்க.

ரெண்டாவது ப்ராஜெக்ட் வந்தா

டிரைவர்மேனேஜரும் வெயிட்டும் வேற டீமுக்கும் வேணும்னு கேப்பாங்க. காப்பி பண்ணிக் கொடுக்காதீங்க, ஒரு மாசத்துல ரெண்டும் வேற வேற ஆயிடும். இங்கதான் கீழ இருக்கிறது மேல இருக்கிறதை இம்போர்ட் பண்ணாம வச்சிருந்ததோட பலன் கைக்கு வரும், அடியில இருக்கிற பேக்கேஜை அப்படியே எடுத்து தனி மேவன் மாட்யூலா ஆக்கி, ஜாரா போட்டு ரெண்டு ப்ராஜெக்ட்லயும் டிபென்டென்சியா சேத்துக்கலாம். டெஸ்ட் ஃபோல்டர்ல இருக்கிற கிளாஸை டெஸ்ட்ஜார்னு தனியா கட்டுற வசதியும் மேவன்ல இருக்கு, ஆனா அதைச் சேத்துக்கிற ப்ராஜெக்டுக்கு நீங்க டெஸ்ட் ஸ்கோப்ல போட்ட டிபென்டென்சி எதுவும் கூட வராது, அவங்களே ஒவ்வொண்ணா சேக்கணும். அதனால தனி மாட்யூல் வச்சு, அதோட மெயின் பக்கம் கோடை வைக்கிறதைத்தான் மேவன் டாக்குமென்டேஷனும் சிறந்த வழியா சொல்லுது. மேவனுக்குப் பதிலா கிரேடில்ல இருக்கிறவங்களுக்கு டெஸ்ட் ஃபிக்ஸ்சர்ஸ்னு இதுக்குன்னே ஒரு ப்ளகின் இருக்கு.

அந்த ஜாருக்குள்ள பேஜ் கிளாஸ் எதுவும் போகக்கூடாது, ரெண்டு டீமும் ஒரே அப்ளிகேஷனைத் தொட்டாலொழிய. வெர்ஷன் நம்பர் போட்டு வெளியிடுங்க, ஸ்னாப்ஷாட் வெர்ஷன்ல (இன்னும் மாறிக்கிட்டே இருக்கிற வெர்ஷன்) அடுத்த டீமை நிறுத்தி வச்சா நீங்க சாயங்காலம் ஒரு மெத்தட் பேரை மாத்தினா அவங்களுக்குக் காலையில பில்ட் ஒடஞ்சு நிக்கும், அவங்க பக்கம் ஒரு வரியும் மாறி இருக்காது. ஒரு பப்ளிக் மெத்தட் பேரை மாத்தியே ஆகணும்னா பழையதை டெப்ரிகேட்டட்னு குறிச்சு, உள்ள இருந்து புதுசைக் கூப்பிட வச்சு, அடுத்த வெர்ஷன் வரைக்கும் விட்டு வைங்க, அவங்க தங்களுக்கு வசதிப்பட்ட நாள்ல மாத்திக்குவாங்க.